இறைச்சியும் கொம்பும்: ஆங்கில வேட்டை உரைநடையும் தமிழாக்கமும்

1. முன்னுரை

மானை இறைச்சிக்காக வேட்டையாடுதலும் கொம்புக்காக வேட்டையாடுதலும் செயலளவில் ஒன்றே, நோக்கத்தளவில் வேறு. துப்பாக்கியின் ஒலியிலோ விலங்கின் வீழ்ச்சியிலோ இவ்வேறுபாடு தோன்றுவதில்லை. வேட்டைக்குப் பின் எது எடுத்துச் செல்லப்படுகிறது, எது விடப்படுகிறது, அது எவ்வாறு சொல்லப்படுகிறது என்பனவற்றில்தான் தோன்றுகிறது. இம்மூன்றனுள் இறுதியானது மொழியைச் சார்ந்தது. மொழிபெயர்ப்பாளனின் கைக்கு வருவதும் அதுவே.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்தியாவிலும் இலங்கையிலும் பணியாற்றிய ஆங்கிலேயர் எழுதிய வேட்டை நூல்கள் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தன. சாமுவேல் பேக்கர் இலங்கை வேட்டையைப் பற்றி எழுதிய நூலும், 1871இல் வெளிவந்த ஜேம்ஸ் ஃபோர்சைத்தின் நடு இந்திய மேட்டுநிலம் பற்றிய நூலும், 1878இல் வெளிவந்த சாண்டர்சனின் நூலும் இவ்வகையில் பலராலும் எடுத்துக்காட்டப்படுவன. இந்நூல்கள் விலங்கியலாருக்கும் வரலாற்றாசிரியருக்கும் சான்றாகப் பயன்படுகின்றன. பகுதி பகுதியாக இந்திய மொழிகளில் பெயர்க்கவும் படுகின்றன. இவ்வாறு பெயர்க்கப்படும்போது இவ்வகை உரைநடையில் பொதிந்துள்ள மதிப்பீடுகள் எவ்வாறு தமிழுக்கு வருகின்றன, எவை வராமல் நின்றுவிடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இங்குக் காட்டப்படும் ஆங்கிலச் சொற்களும் தொடர்வகைகளும் இவ்வகை முழுமைக்கும் பொதுவானவை. தனி நூலொன்றின் மேற்கோள்கள் அல்ல.

2. விலங்கின் பெயரும் இறைச்சியின் பெயரும்

2.1. ஆங்கிலத்தில் மானைக் குறிக்கும் 'டீர்' என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் விலங்கு என்னும் பொதுப்பொருளையே உடையதாக இருந்தது. அதனோடு உறவுடைய ஜெர்மன் சொல்லாகிய 'டீர்' இன்றும் விலங்கையே குறிக்கிறது. வடமொழி 'மிருக' என்னும் சொல்லிலும் இதே இருமை உண்டு. காட்டு விலங்கு என்னும் பொதுப்பொருளும் மான் என்னும் சிறப்புப்பொருளும் அதற்கு உரியன. வேட்டையைக் குறிக்கும் 'மிருகயா' என்பதும் அச்சொல்லோடு தொடர்புடையது. தமிழ் பொதுப்பொருளை ஏற்று 'மிருகம்' என வழங்குகிறது. சிறப்புப்பொருள் 'மிருகசீரிடம்' என்னும் விண்மீன் பெயரில் எஞ்சி நிற்கிறது. மானின் தலை என்பதே அதன் பொருள். தொடர்புடையனவாயினும் காலத்தாலும் இடத்தாலும் விலகிய இரு மொழிகளில் ஒரே வகைப் பொருட்சுருக்கம் நிகழ்ந்திருப்பது கருதத்தக்கது. வேட்டையாடப்படும் விலங்குகளுள் தலையாயது மான் என்பதே இதற்கு ஏற்ற விளக்கமாகும்.

2.2. மான் இறைச்சிக்கு ஆங்கிலம் வழங்கும் 'வெனிசன்' என்னும் சொல், வேட்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தொடக்கத்தில் அது வேட்டையில் கிடைத்த எவ்விலங்கின் இறைச்சிக்கும் பொதுவாக நின்றது. இங்கிலாந்தின் காட்டுச் சட்டங்களிலோ உயிரோடு திரியும் காப்பு விலங்குகளையும் அது குறித்தது. உயிருள்ள மானே சட்டத்தின் கண்ணில் அரசனின் இறைச்சியாயிற்று. 1217ஆம் ஆண்டின் காட்டுப் பட்டயம், அரசனின் மானைக் கொன்றதற்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழத்தல் கூடாது என வரையறுத்தது. அதற்கு முன் அத்தண்டனைகளுக்கு இடமிருந்தது என்பது இதனால் பெறப்படும்.

தமிழில் விலங்கின் பெயரோடு இறைச்சி என்பதைச் சேர்த்துக் கூறுவதே மரபு. மானிறைச்சி, மான்கறி என்பவற்றில் விலங்கு மறைவதில்லை. ஆயினும் பதப்படுத்தும் முறைகளுக்குத் தமிழில் வளமான சொற்கள் உண்டு. சூட்டு, புழுக்கு என்பன பழைய வழக்கு. வற்றல், உப்புக்கண்டம் என்பன இன்றைய வழக்கு. ஆங்கிலம் விலங்கையும் உணவையும் பிரித்துப் பெயரிடுகிறது; தமிழோ விலங்கு உணவாக மாறும் வழிகளுக்குப் பெயரிடுகிறது. ஆகவே 'வெனிசன்' என்பதை எங்கும் 'மானிறைச்சி' என்றே பெயர்ப்பது பிழையன்று. எனினும் சூழல் நோக்கிச் சொல்லைத் தேர்ந்துகொள்ள இடமுண்டு.

2.3. குடியேறிய ஆங்கிலேயர் தாம் கண்ட விலங்குகளுக்குத் தம் நாட்டு வேட்டை விலங்குகளின் பெயர்களையே இட்டனர். பேக்கர் நுவரெலியாவில் நாய்களைக் கொண்டு துரத்திய விலங்கை 'எல்க்' என்கிறார். ஐரோப்பாவில் அப்பெயர் ஒரு விலங்குக்கும் வட அமெரிக்காவில் வேறொரு விலங்குக்கும் உரியது. இலங்கையிலோ அவ்விரண்டும் இல்லை. அவர் கூறுவது இலங்கைத் தமிழர் மரை என்றும், தமிழகத்தார் கடமான் என்றும் மிளா என்றும் வழங்கும் விலங்கையே. நீலகிரியில் வரையாடு 'ஐபெக்ஸ்' ஆயிற்று. காட்டெருது 'பைசன்' ஆயிற்று. தென்னிந்திய வேட்டைக்காரர் கேளையாட்டைக் 'காட்டுச் செம்மறி' என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். இப்பெயர் மட்டும் 'ஆடு' என்னும் உள்ளூர் வழக்கின் நேர்பெயர்ப்பாகத் தோன்றுகிறது. ஏனையவை பெருமைக்காகச் சூட்டப்பட்டவை. ஐபெக்ஸைச் சுட்டேன் என ஊருக்கு எழுதும் மடல் பெறும் மதிப்பை, வரையாட்டைச் சுட்டேன் என்னும் மடல் பெறாது.

இப்பெயர்களை அகராதியின் துணையால் மட்டும் பெயர்க்க முற்படுவோர் இலங்கைக் காட்டில் இல்லாத விலங்கொன்றை உலவவிட நேரும். பேக்கரின் நூலைப் பெயர்ப்போர்க்கு மரை என்பதே ஏற்ற சொல். அதுவே அவ்விலங்கு வாழும் நாட்டின் தமிழ் வழக்கு.

3. கொம்பு: ஒரு சொல்லின் போதாமை

3.1. ஆங்கிலத்தில் 'ஹார்ன்' வேறு, 'ஆன்ட்லர்' வேறு. முன்னது மாடு, ஆடு, இரலை ஆகியவற்றுக்கு உரியது, எலும்பு நடுவின்மேல் நகப்பொருளாலான உறை கொண்டது, உதிராதது. பின்னது மான் குடும்பத்திற்கு உரியது, முற்றிலும் எலும்பாலானது, ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது, பெரும்பாலும் கிளைவிடுவது. கலைமான் எனத் தமிழகத்தில் பரவலாக அறியப்படும் வெளிமானுக்கு இருப்பது முன்னது. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் இருப்பது பின்னது. தமிழில் இரண்டுமே கொம்பு. பழைய வழக்கில் மருப்பு, கோடு என்பனவும் இவ்வேறுபாட்டைக் காட்டா. யானையின் தந்தத்தையும் அவை தம்முள் அடக்கின.

எனினும் கொம்பு, கோடு ஆகிய இரண்டும் மரக்கிளையையும் குறிப்பன. பிரெஞ்சு மொழி மானின் கொம்பை மரத்தைக் குறிக்கும் 'புவா' என்னும் சொல்லாலேயே வழங்குவதை இங்கு ஒப்புநோக்கலாம். கிளைக்கொம்பு என்னும் சொல்லாக்கத்திற்கு இவ்வகையில் இடமுண்டு. ஆயினும் இளம் ஆண்மானின் முதற்கொம்பு கிளைவிடாத முளையாகவே இருத்தலின் அச்சொல் எல்லா நிலைக்கும் பொருந்தாது. இந்திய விலங்குகளளவில் உதிர்கொம்பு, நிலைக்கொம்பு என்னும் இணை குற்றமற்றது. வினைத்தொகையாக நிற்கும் உதிர்கொம்பு என்பது முக்காலத்துக்கும் பொருந்தி அதன் இயல்பை உணர்த்தும்.

3.2. இவ்வேறுபாடு விலங்கியல் நுட்பம் மட்டுமன்று. நம் பொருளின் மையமும் இதுவே. கொம்பு ஆண்டுதோறும் உதிர்வதால் கொல்லாமலே அதைப் பெறலாம். காட்டில் கிடந்த கொம்பைக் கத்திப்பிடிக்கும் பிற கைவினைக்கும் பயன்படுத்துவோர் உலகெங்கும் இருந்தனர். ஆகவே கொம்பு என்னும் பொருள் மட்டும் வேட்டைக்குச் சான்றாகாது. தன் கையால் கொன்றதை மெய்ப்பிக்க மண்டையோட்டோடு சேர்ந்த கொம்பு வேண்டும். பாடம் செய்த தலை சுவரில் ஏறியது இதனால்தான். லண்டனில் ரோலண்ட் வார்டும் மைசூரில் வான் இங்ஙென் குடும்பத்தாரும் நடத்திய பாடம்செய் தொழில்கள் புகழ்பெற்றன. 'உதிர்ந்த கொம்பு', 'எடுத்த கொம்பு' என்னும் தொடர்களின் வேறுபாடு, தன்வினை பிறவினை என்னும் இலக்கண வேறுபாட்டளவில் நிற்பதன்று.

3.3. புதுக் கொம்பு முளைக்கும் பருவத்தில் அதன்மேல் மென்மயிர்த் தோல் போர்த்திருக்கும். ஆங்கிலம் இதனை 'வெல்வெட்' என உருவகமாக வழங்குகிறது. கடமான் 'வெல்வெட்டில்' இருந்தது என்னும் தொடரைத் துணியாக எண்ணிப் பெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும். 'தோல் போர்த்த இளங்கொம்போடு இருந்தது' என்க. ஆயினும் பொருள் விளங்கினால் மட்டும் போதாது. இத்தொடர் வரும் இடத்தில் வேட்டைக்காரர் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவார். இளங்கொம்பு சுவருக்கு உதவாது. இறைச்சி நாடியவனுக்கோ அது தடையன்று. இந்த ஒரு சொல்லே இருவகை வேட்டையையும் பிரித்துக்காட்டுகிறது. படிப்பவன் அதை உணருமாறு பெயர்ப்பில் வழிசெய்தல் வேண்டும்.

4. 'ட்ரோஃபி': போர்க்களத்திலிருந்து சுவருக்கு

கிரேக்கத்தில் பகைவன் புறங்காட்டித் திரும்பிய இடத்தில், அவனிடமிருந்து கைப்பற்றிய படைக்கலங்களைக் கம்பத்தில் மாட்டி எழுப்பிய நினைவுக்குறியே இச்சொல்லின் மூலம். 'திரும்புதல்' என்பது அதன் வேர்ப்பொருள். இலத்தீனும் பிரெஞ்சும் கடந்து ஆங்கிலத்தில் வெற்றிக்குறி, விளையாட்டுப் பரிசு, வேட்டையில் எடுத்த தலை என அது விரிந்தது. மானின் தலையை இச்சொல்லால் குறிக்கும்போது மான் பகைவனாகவும், வேட்டை போராகவும் சொல்லளவிலேயே ஆகிவிடுகின்றன. ஓடி ஒளியும் விலங்கைப் போரிட்டு வென்றதாகக் கூறுவதற்கு இச்சொல் துணைநிற்கிறது.

தமிழில் இதற்கு நேர் எது? கோப்பை, கேடயம் என்பன விளையாட்டுப் பரிசைச் சுட்டுவன. 'பதக்க வேட்டை', 'வாக்கு வேட்டை' என இதழ்களில் வேட்டை என்பதே உருவகமாகிவிட்ட நிலையில், 'கோப்பை வேட்டை' என்பது ஏதோ ஒரு மட்டைப்பந்து அணியைத்தான் நினைவூட்டும். 'வெற்றிச்சின்னம்' போர்ப்பொருளைக் காக்கிறது. ஆயின் அதை ஆசிரியரின் கூற்றாக அன்றிப் பெயர்ப்பாளனின் கூற்றாகப் படிப்போர் கொள்ளும் இடர் உண்டு. மான் பற்றிய இடங்களில் 'கொம்புவேட்டை' என்பதும், பொதுவான இடங்களில் 'காட்சிப்பொருள் வேட்டை' என்பதும் நோக்கத்தைத் தெளிவாக உணர்த்தும். ஆசிரியரே போர் உருவகத்தை விரித்துப் பேசும் இடங்களில் மட்டும் வெற்றிச்சின்னம் என்பதைப் பயன்படுத்தலாம்.

1892இல் ரோலண்ட் வார்டு உலகப் பெருவிலங்குகளின் கொம்பளவுகளையும் எடைகளையும் தொகுத்து வெளியிட்டார். கொம்பின் நீளம், சுற்றளவு, நுனிகளின் இடைவெளி, கிடைத்த இடம், உடையவர் பெயர் என நிரல் நிரலாக அமைந்த அட்டவணைகளால் இத்தகைய தொகுப்புகள் ஆனவை. அமெரிக்காவில் 1887இல் தோன்றிய பூன்–கிராக்கெட் கழகம் 1932இல் தன் முதல் பதிவேட்டை வெளியிட்டது; 1950இல் மதிப்பெண் முறையொன்றையும் வகுத்தது. அங்குலக் கணக்கே இவ்வுரைநடையின் இலக்கணமாயிற்று. கதை எங்குத் தொடங்கினும் முடிவில் அளவுநாடா தோன்றும். உண்டவர் யார் என்பதற்கு அவ்வட்டவணைகளில் நிரல் இல்லை.

இக்கருத்தை அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டு வேறொரு திசையில் கொண்டுசென்றார். அவர் மறைவுக்குப் பின் 1949இல் வெளிவந்த நூலில், ஒரு வேளைக்கான மீனும் கூடைக் காளானும் கரடியின் ஒளிப்படமும் மலையுச்சியில் வைத்துவந்த குறிப்பும் 'ட்ரோஃபி' எனவே கொள்ளப்படுகின்றன. தான் ஓரிடத்திற்குச் சென்று திறமையோடு ஒன்றைச் செய்ததற்கான சான்றிதழே அது என்பது அவர் கருத்து. இவ்விளக்கத்தின்படி உண்ணும் மீனும் சான்றாகிவிடுவதால் இறைச்சி, கொம்பு என்னும் எதிர்நிலை தளர்ந்துவிடுகிறது. இங்கு வெற்றிச்சின்னம் என்றோ கொம்பு என்றோ பெயர்த்தால் வாதமே சிதையும். 'சான்றுப்பொருள்' என்பது ஏற்றது. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு மூவிடத்து மூன்று தமிழ்ச்சொற்கள் வேண்டியிருப்பது பெயர்ப்பாளனின் குறையன்று. அச்சொல்லின் வரலாறு அத்தகையது.

5. 'வேட்டையாடு' என்பதில் ஆட்டம் உண்டா?

ஆங்கிலத்தில் 'கேம்' என்பது விளையாட்டையும் வேட்டை விலங்கையும் குறிக்கும். 'ஸ்போர்ட்' என்பதும் இவ்வகையில் வேட்டையை உட்கொள்ளும். தமிழிலும் வேட்டையாடு என்பதில் 'ஆடு' இருப்பதால் தமிழரும் வேட்டையை விளையாட்டாகவே கருதினர் என வாதிடுவார் உளர். இது பொருந்தாது. உரையாடு, போராடு, மன்றாடு, நீராடு என்பவற்றில் 'ஆடு' விளையாட்டைக் குறிப்பதன்று. ஒரு செயலில் தொடர்ந்து ஈடுபடுதலைக் குறிக்கும் துணைவினையாகவே நிற்கிறது. பசியால் வேட்டையாடுபவனும் வேட்டையாடுபவனே. பொழுதுபோக்குப் பொருள் தமிழ் வினையில் தானே அமையவில்லை, வேண்டுமெனின் சேர்க்கவேண்டும்.

இதன் விளைவு முதன்மையானது. 'ஸ்போர்ட்ஸ்மேன்' என்பதை வேட்டைக்காரர் எனப் பெயர்த்தால், ஆங்கில ஆசிரியர் தமக்கும் உள்ளூர் வேட்டுவனுக்கும் இடையே எழுப்பிய சுவர் மறைந்துவிடும். 'விளையாட்டு வீரர்' எனப் பெயர்த்தால் தவறான பொருள் தோன்றும். 'பொழுதுபோக்கு வேட்டையாளர்' என்பதில் நோக்கம் தெளிவாகும். ஆயின் ஆங்கிலச் சொல்லில் உள்ள நேர்மை, நெறி என்னும் பாராட்டுக் குறிப்பு கெடும். இச்சொல் தன்னைத்தானே பாராட்டிக்கொள்வது என்பதை முன்னுரையிலோ அடிக்குறிப்பிலோ ஒருமுறை விளக்கிவிட்டுப் பின் சீராக வழங்குதலே தக்கது.

6. இடம் மாறிய இகழ்ச்சி

6.1. மதிப்பீட்டுச் சொற்களே பெயர்ப்பாளனை மிகுதியும் இடறச்செய்வன. 19ஆம் நூற்றாண்டு வேட்டை உரைநடையில் சட்டியை நிரப்பச் சுடுபவனைக் குறிக்கும் 'பாட்ஹன்டர்' என்பது இகழ்ச்சிச் சொல். பெண்மானையும் குட்டியையும் விடாதவன், நெறியறியாதவன் என்பன அதன் குறிப்புகள். முதிர்ந்த ஆண்மானின் தலைக்காக நாள்முழுதும் நடப்பவன் உயர்ந்தோன். உணவுக்காகச் சுடுபவன் தாழ்ந்தோன். இன்று பொதுமக்கள் கருத்து பெரும்பாலும் இதன் தலைகீழ். உண்பதற்காகக் கொல்வதை ஒருவாறு ஏற்போரும் சுவருக்காகக் கொல்வதை ஏற்பதில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டுவருவது சட்டப்படி குற்றமாகும். ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மிகுந்த காலத்தில் இகழ்ச்சி இடம் மாறிவிட்டது; சொற்களோ மாறவில்லை.

தமிழில் 'வயிற்றுக்காக வேட்டையாடுபவன்' என்றால் இரக்கமே தோன்றும். 'உலைக்காக' என்றால் மதிப்பும் தோன்றக்கூடும். 'வயிற்றுப்பிழைப்பு' என்பது தமிழ் வழக்கில் குற்றத்தையும் பொறுக்கச்செய்யும் காரணம். ஆகவே நேர்பெயர்ப்பில் ஆங்கில ஆசிரியரின் இகழ்ச்சி கரைந்து, அவர் உள்ளூர் மக்களிடம் பரிவு கொண்டவர்போல் தோன்றிவிடுவார். இது இனிமையான பிழை, எனினும் பிழையே. 'சட்டி நிரப்பி' என்பது போன்ற இகழ்ச்சி தொனிக்கும் சொல்லையே இங்கு ஆளவேண்டும். மூலத்தின் கொடுமையை மறைப்பதால் அக்கொடுமைக்கு ஆளானோர்க்கு நன்மை விளைவதில்லை.

6.2. 'போச்சர்' என்பதன் நிலை வேறு. அச்சொல் உடைமையை முற்கோளாகக் கொண்டது. விலங்கு எவருக்கேனும் உரியதாக இருந்தாலன்றி அதைத் திருட முடியாது. இங்கிலாந்தில் 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம் உருமறைத்து மான் திருடுவதை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கியது. இச்சட்டத்தின் சமூகப் பின்னணியை இ.பி. தாம்ப்சன் 1975இல் வெளியிட்ட நூல் விரிவாக ஆராய்கிறது. அதே மனப்பாங்கு குடியேற்ற நாடுகளுக்கும் பரவியதை ஜான் மெக்கன்சி 1988இல் எழுதிய நூல் காட்டுகிறது. நீலகிரியில் 1877இல் வேட்டைக் கழகம் தோன்றியது. 1879இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் வந்தது. உரிமமும் பருவத்தடையும் விலங்குகளை அழிவிலிருந்து காத்தன என்பது உண்மை. எவருடைய வேட்டை முறைமை எனவும் எவருடைய வேட்டை களவு எனவும் அவை பிரித்தன என்பதும் உண்மை.

இச்சட்டங்களுக்கு முற்பட்ட நிகழ்ச்சியை விவரிக்கும் இடத்தில் மலைவாழ் மக்களின் வேட்டையைத் 'திருட்டு வேட்டை' எனப் பெயர்ப்பது வரலாற்றுப் பிழை. சட்டத்திற்குப் பிற்பட்ட இடத்தில் அச்சொல் சட்டப்படி சரி. ஆயினும் யார் சட்டம் என்னும் வினா எஞ்சும். 'உரிமமில் வேட்டை' என்பது உண்மையை மட்டும் கூறும்; தீர்ப்பைப் படிப்பவனிடம் விடும். ஆசிரியர் இகழ்ச்சியோடு கூறும் இடத்திற்கே திருட்டு, கள்ளம் என்னும் அடைகள் உரியன.

7. தொடரமைப்பில் மறையும் விலங்கு

7.1. இவ்வுரைநடையில் 'நல்ல தலை' என்பது நல்ல கொம்புடைய ஆண்மானைக் குறிக்கும். உறுப்பின் பெயர் முழு விலங்குக்கும் ஆகிவந்தது. மரபிலக்கணப்படி இது சினையாகுபெயர். தமிழில் 'நேற்று ஒரு நல்ல தலை கிடைத்தது' என எழுதினால் பொருள் அச்சம் தருவதாக மாறும். ஆதலின் 'நல்ல கொம்புடைய கடமான்' என விரிப்பது தவிர்க்க முடியாதது. இவ்வாறு விரிக்கும்போது மூலத்தில் மறைந்திருந்த விலங்கு தமிழில் மீண்டும் தோன்றிவிடுகிறது. 'பன்னிரு கவர் உடையது' என்பதற்கு ஆங்கிலம் 'ராயல்' என்னும் ஒரே சொல்லை வழங்கும். 'அரசமான்' எனப் பெயர்த்தால் புது இனமொன்று பிறந்துவிடும். பன்னிரு கொம்பு எனப் பொருள்படும் 'பாரசிங்கா' என்னும் வடபுல வழக்கு நடு இந்தியச் சதுப்புநில மானுக்கும், வேட்டைக்காரர் எழுத்தில் காசுமீர மானுக்கும் வழங்கியிருத்தலையும் நோக்குக.

7.2. கொன்றேன் என்னும் வினைக்கு ஈடாக இந்நூல்களில் வேறு வினைகளும் வரும். பெற்றேன், கைக்கொண்டேன், பையிலிட்டேன், கணக்குத் தீர்த்தேன் என்னும் பொருள்படும் வினைகள் அத்தகையன. இக்கால அமெரிக்க வழக்கில் 'அறுவடை' என்னும் பொருள்படும் சொல் பரவியுள்ளது. இவையனைத்தும் மங்கல வழக்கு எனத்தகும். தமிழில் 'வீழ்த்தினேன்' என்பது வீரத்தைச் சுட்டும். 'சுட்டேன்' என்பது நடுநிலையானது. மங்கல வழக்கைக் 'கொன்றேன்' என மாற்றுவது பெயர்ப்பன்று, திருத்தம். 'கடமான் ஒன்றைப் பெற்றேன்' என்றே எழுதலாம்; தமிழில் அது சற்று விந்தையாக ஒலிக்கும்; அவ்விந்தையே மூலத்தின் இயல்பைப் படிப்போர்க்கு உணர்த்தும்.

7.3. ஆங்கில வேட்டைக்காரர் உயிரோடுள்ள ஆண்மானை 'அவன்' எனச் சுட்டுவது பெருவழக்கு. வீழ்ந்தபின் அது தலை, கொம்பு, உடல் என அஃறிணைப் பெயர்களாகப் பிரிந்துவிடும். எதிரிக்குரிய மதிப்பு உயிர் உள்ளவரைதான். தமிழில் விலங்கு எந்நிலையிலும் அஃறிணையாதலின் இத்திணைமாற்றம் பெயர்ப்பில் புலப்படாது. 'அவன்' என எழுதினால் கதைப்பாங்கு தோன்றிவிடும். தமிழில் இம்மாற்றத்தை ஈடுசெய்யப் பெயர்ச்சொற்களே உதவும். உயிருள்ளபோது 'கலை' எனவும், பின் 'உடல்' எனவும் வேறுபடுத்தலாம். தொல்காப்பிய மரபியல் இரலை, கலை என்பவற்றைப் புல்வாயின் ஆணுக்கும், கலை என்பதை உழைக்கும் உரியனவாகக் கூறுகிறது. பெண்ணுக்குப் பிணை என்கிறது. ஆண், பெண் வேறுபாடே உயிர் பிழைப்பதை முடிவுசெய்யும் இவ்வுரைநடையில் 'ஆண்மான்', 'பெண்மான்' என்பவற்றினும் கலை, பிணை என்பன செறிவுடையன.

8. வன்பரணரின் இரு வேட்டைகள்

தமிழ் மரபில் இருவகை வேட்டையும் எவ்வாறு சொல்லப்பட்டன என்பதற்குப் புறநானூற்றில் வன்பரணர் பாடிய இரு பாடல்களை ஒப்பிடலாம். 150ஆம் பாடலில் பசித்து மரநிழலில் இருந்த பாணனைக் கண்ட வேட்டுவக் கோலத்தான் ஒருவன், தன் துணைவர் வருமுன் தானே தீமூட்டி இறைச்சியைச் சுட்டு அளிக்கிறான். அணிகலன்களையும் ஈந்து பெயர் கூறாமல் செல்கிறான். அவன் நள்ளி எனப் பின்னரே தெரியவருகிறது. 152ஆம் பாடலில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஊடுருவுகிறது.

முன்னது பசிதீர்க்கும் வேட்டை. பின்னது திறன் காட்டும் வேட்டை. ஆயினும் இரண்டாம் பாடலும் கொம்பிலோ தந்தத்திலோ முடியவில்லை. மானிறைச்சியும் தேறலும் பொன்னும் வழங்குவதில் முடிகிறது. திறமைக்குச் சான்று சுவரில் இல்லை, பாடலில் இருக்கிறது. அம்பின் ஆற்றலை வில்லாளன் தன் வாயால் கூறவில்லை, உண்டவன் கூறுகிறான். தன்மைக் கூற்றாகவே அமையும் ஆங்கில வேட்டை உரைநடைக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இது.

இதனைக் கொண்டு தமிழர் விலங்கின் உறுப்பை அடையாளமாகக் கொண்டதில்லை என முடிவுசெய்தல் பொருந்தாது. சிறுவர் அணிந்த புலிப்பல் தாலியும், பண்டமாற்றில் இடம்பெற்ற யானைத் தந்தமும் எதிர்ச்சான்றுகள். வேறுபாடு பொருளில் இல்லை; கூற்றில் உள்ளது என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது.

9. சட்டமொழி

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'ட்ரோஃபி', 'மீட்' ஆகிய இரண்டையும் வரையறுக்கிறது. முன்னது பாடம் செய்தோ இயற்கையாகவோ காத்துவைக்கப்பட்ட விலங்கின் முழுமையையோ பகுதியையோ குறிக்கும். கொம்பு, மயிர், இறகு, பல் முதலியனவும் முட்டை, கூடு என்பனவும் அதனுள் அடங்கும். பின்னது குருதி, எலும்பு, முட்டை, கொழுப்பு, தசை ஆகியவற்றை உள்ளடக்கும். பச்சையாயினும் சமைத்ததாயினும் ஒன்றே. முட்டை இரண்டிலும் இடம்பெறுகிறது. இவ்வரையறைகளில் வெற்றி இல்லை, நோக்கமும் இல்லை. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வேட்டையாடவும் இந்தியாவில் இடமில்லை. சட்டத்தின் கண்ணில் சட்டியும் சுவரும் ஒன்றாயின.

ஆகவே சட்டப் பெயர்ப்பில் 'வெற்றிச்சின்னம்' என்னும் சொல்லை ஆளுதல் கூடாது. பறவைக்கூடு எவர் வெற்றிக்கும் சின்னமாகாது. 'பாதுகாத்து வைத்த விலங்குப்பொருள்' என்பது நீளமாயினும் வரையறைக்கு உண்மையானது. வழக்குமன்றத்தில் நிற்பவன் தன்மேல் சாற்றப்பட்ட குற்றத்தைத் தன் மொழியில் விளங்கிக்கொள்ள உரிமையுடையவன். வீட்டுத் தாழ்வாரத்தில் தாத்தா காலத்துக் கொம்பு மாட்டியிருப்பவனுக்கு 'வெற்றிச்சின்னம்' தன்னைக் குறிக்கும் என்பது தோன்றவே தோன்றாது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: இறைச்சி வேட்டை, கொம்புவேட்டை என்னும் பிரிவு ஆங்கில உரைநடையில் அடைமொழிகளால் மட்டும் அமையவில்லை, விலங்கின் பெயர், ஆகுபெயர், மங்கல வழக்கு, திணைச்சுட்டு ஆகிய பல நிலைகளில் பரவிக்கிடக்கிறது. தமிழின் சொல்லமைப்பு இவற்றுட் சிலவற்றை இயல்பாகவே வெளிப்படுத்திவிடுகிறது, சிலவற்றை மறைத்துவிடுகிறது. வெளிப்படுவதைப் பெயர்ப்பாளன் தடுக்கவேண்டியதில்லை, மறைவதை ஈடுசெய்யவேண்டும். 'ட்ரோஃபி' என்பதற்கு ஒரே நேர்ச்சொல்லை நாடாமல், கொம்பு, காட்சிப்பொருள், சான்றுப்பொருள், பாதுகாத்த விலங்குப்பொருள் என இடநோக்கி ஆளுதல் வேண்டும். இகழ்ச்சியையும் பாராட்டையும் அவ்வக்காலத்து ஆசிரியர்க்கே உரியனவாக நிறுத்துதல் வேண்டும். இன்றைய கருத்துக்கு இசையத் திருத்துதலும், அன்றைய கருத்தை உண்மையென ஒப்புதலும் ஒருங்கே விலக்கத்தக்கன.

மலைவாழ் மக்களின் உணவு களவாகவும், மாளிகைச் சுவரின் தலை நாகரிகமாகவும் எழுதப்பட்ட பக்கங்கள் இவை. அவற்றைத் தமிழில் படிக்கப்போகிறவர்களுள் அம்மக்களின் வழித்தோன்றல்களும் இருப்பர். தம் முன்னோர் எச்சொல்லால் சுட்டப்பட்டனர் என்பதையும், அச்சொல்லைச் சூட்டியவர் யார் என்பதையும் அவர்கள் பிரித்தறியுமாறு பெயர்த்தல் நம் கடன்.